மாடிப்படி அடியறையில் சிப்பிக் காளான்: காம்பு நீண்டால் என்ன செய்வது?

பாளையங்கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் தட்டுமுட்டுச் சாமான் போடும் இருட்டறை ஒன்று இருக்கும். வெயில் படாது, சுவரும் கனம். சிப்பிக் காளானுக்கு அருமையான இடம்.

என் அறையில் காம்பு விரல் நீளம் வளர்ந்தது. குடை சட்டைப் பொத்தான் அளவிலேயே நின்றது. இதை ஈரக்குறைவு என்று எண்ணித் தண்ணீர் ஊற்றாதீர்கள், மொட்டு அழுகிவிடும். காளான் விடும் கரியமில வாயு வெளியேற வழியில்லாததுதான் காரணம். இருட்டும் காம்பை நீட்டும்.

கதவின் அடியில் 4 அங்குலத் துளை போட்டு, எதிர்ச்சுவரின் உச்சியில் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன். டைமர் வைத்து மணிக்கு 5 நிமிடம் ஓடுகிறது. இரண்டு வாயிலும் நைலான் வலை கட்டாயம். இல்லையென்றால் ஈ புகுந்து முட்டையிடும். காற்று ஓடினால் அறை காயும். அதனால் காற்று உள்ளே வரும் கதவுத் துளையில் நனைத்த கோணிச்சாக்கு தொங்குகிறது, ஈரப்பதம் 80–85 சதவீதம் நிற்கிறது. 9 வாட் எல்இடி பல்பு பகலில் எரிந்தால் போதும். நீண்டுவிட்ட காம்பு திருந்தாது, பறித்துவிடுங்கள்; அடுத்த மொட்டுகள் நன்றாக விரியும்.

பச்சைப் பூசணம் வந்தால் காளான் வளரும் வைக்கோலைப் பாருங்கள். பிசானப் பருவ நெல் அறுப்பின் புது வைக்கோலை 5 செ.மீ. துண்டாக வெட்டி, 5 மணி நேரம் ஊறவைத்து, 1 மணி நேரம் வேகவையுங்கள். பிழிந்தால் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும்.

சித்திரை வெயிலில் அறை 30 டிகிரியைத் தாண்டினால் சிப்பியை நிறுத்திவிட்டுப் பால் காளானுக்கு மாறுவதே நல்லது. அதற்கு 30–35 டிகிரி ஒத்துக்கொள்ளும். ஆனால் வைக்கோலுக்கு மேலே மண் பரப்ப வேண்டும்.