கடலில் முதல் கயாக்: திரும்பி வருவதிலிருந்து தொடங்குங்கள்

போகும்போது பதினைந்து நிமிடம். திரும்பும்போது ஒன்றே கால் மணி நேரம். நான் முதன்முதலில் கடலில் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்டிய நாளின் கணக்கு இது. கரையோரத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. துடுப்பை லேசாகப் போட்டாலே படகு வழுக்கிக்கொண்டு ஓடியது. "நமக்கு இது பிறவியிலேயே வந்திருக்கு போல" என்று நினைத்துக்கொண்டேன். படகைத் திருப்பியபோதுதான் விஷயம் புரிந்தது. அதுவரை படகைத் தள்ளியது என் கை இல்லை, முதுகுக்குப் பின்னால் இருந்த காற்று.

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. உள்ளங்கையில் நான்கு கொப்புளம், இரண்டு நாள் தோள்வலி, அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து எந்தப் பயணத்தையும் திரும்பும் வழியிலிருந்துதான் திட்டமிடுகிறேன். இந்த விளக்கமும் அப்படித்தான் போகும். துடுப்பு பிடிக்கும் கதை பாதிக்குப் பிறகுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு வெயிலான ஒரு கடற்கரைக்குப் போயிருக்கிறீர்கள், வாடகைக்குக் கயாக் கிடைக்கிறது, ஓரளவு நீச்சல் தெரியும், கயாக்கில் இதுவரை ஏறியதில்லை என்று வைத்துக்கொள்கிறேன். நீச்சலே தெரியாது என்றால் பயிற்சியாளர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

படி 1: படகைப் பாருங்கள்

கயாக் வட துருவப் பக்கத்து இனுயிட் மக்களின் வேட்டைப் படகு. சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டி, உள்ளே கால் நீட்டி உட்கார்ந்து போவார்கள். அப்படி உள்ளே உட்காரும் வகை கவிழ்ந்தால் தண்ணீர் நிரம்பிவிடும், புதியவரால் கடலில் வைத்து அதை இறைக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது மேலே உட்காரும் வகை. அதன் தளத்தில் நாலைந்து துளைகள் இருக்கும். "ஓட்டையாக இருக்கிறதே" என்று எல்லோரும் ஒருமுறை கேட்பார்கள். மேலே விழும் அலைநீர் வடிவதற்காக விட்ட துளைகள் அவை.

மூடியிருக்க வேண்டியது வேறொன்று. படகின் பின்முனையில் சின்னதாக ஒரு திருகு மூடி இருக்கும். அது இல்லாவிட்டாலோ தளர்ந்திருந்தாலோ படகின் வயிற்றுக்குள் மெல்ல மெல்லத் தண்ணீர் ஏறும், நடுக்கடலில்தான் தெரியவரும். கையால் திருகிப் பாருங்கள். காற்றடைத்த ரப்பர் படகு கொடுத்தால் முதல் நாளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காற்று அதைச் சருகு மாதிரி தள்ளிக்கொண்டு போகும்.

படி 2: காற்றைப் படியுங்கள்

இந்த ஒரு படிக்காகத்தான் மொத்தத்தையும் எழுதினேன் என்றே சொல்லலாம்.

முதலில் திசை. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. காற்று எங்கிருந்து வருகிறதோ அதை வைத்துத்தான் நம் மொழி அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. வானிலைச் செயலிகளும் அப்படியே. "வடகிழக்குக் காற்று" என்று போட்டிருந்தால் அது வடகிழக்கிலிருந்து வரும் காற்று. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு கடலில் இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, அந்தக் காற்று கரையை நோக்கி வீசுகிறதா, கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் உலர்ந்த மணலை அள்ளித் தூவினால் போதும், தெரிந்துவிடும். கடலுக்குள் தள்ளும் காற்றுதான் ஆளை ஏமாற்றும். அது கரையருகே அலையை எழுப்பாது. அலை வளர ஓடுதூரம் வேண்டும், கரையோரத்தில் அந்தத் தூரம் இல்லை. அதனால் நீங்கள் நிற்கும் இடத்தில் தண்ணீர் குளம் போல இருக்கும். அரை கிலோமீட்டர் உள்ளே போனால் கரடுமுரடாக இருக்கும், காற்றும் உங்களை இன்னும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். என்னை அன்று ஏமாற்றியது இந்தக் காற்றேதான். கடலுக்குள் வீசும் காற்று என்றால், எவ்வளவு மென்மையாக இருந்தாலும், முதல் நாள் இறங்காதீர்கள். உயிர்காப்பு வீரர்கள் காவல் இருக்கும் கரைகள் சிலவற்றில் இதற்காகவே ஆரஞ்சு நிறக் காற்றுப் பையைக் கட்டி வைத்திருப்பார்கள்.

பிறகு வேகம். செயலிகள் பெரும்பாலும் நாட் கணக்கில் சொல்லும். 1 நாட் என்றால் மணிக்கு 1.852 கி.மீ. பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805-ல் வகுத்த அளவுகோலில் 7 முதல் 10 நாட் வரை மூன்றாம் நிலை. அங்கங்கே அலை உச்சியில் வெள்ளை நுரை தெரியத் தொடங்கும். 11 முதல் 16 நாட் நான்காம் நிலை. நுரை அடிக்கடி தெரியும். புதியவருக்கு மூன்றாம் நிலையே உச்ச வரம்பு. செயலியைக்கூட நம்ப வேண்டாம், கடலைப் பாருங்கள். நுரையை எண்ணவே முடியாத அளவுக்கு இருந்தால் படகை எடுக்காதீர்கள்.

கடைசியாக நேரம். வெயில் ஏற ஏறக் கடலைவிட நிலம் வேகமாகச் சூடாகும். நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். முற்பகலில் தொடங்கி பிற்பகலில் உச்சத்துக்குப் போகும் கடற்காற்று இதுதான். இரவில் எல்லாம் தலைகீழ்: நிலம் சீக்கிரம் குளிர்ந்து காற்று கடலை நோக்கிப் போகும், விடியற்காலையிலும் அது மிச்சமிருக்கும். ஆக, விடிந்தும் விடியாமலும் போனால் வெளியே தள்ளும் காற்று. மதியம் போனால் முகத்தில் அறையும் அலை. நடுவில் இரண்டும் ஓய்ந்த ஓர் இடைவெளி காலையில் வரும். நான் அதற்காகத்தான் காத்திருப்பேன்.

கரையை ஒட்டிப் போகும்போது ஒரே விதி: முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அது உங்களுக்கு உதவட்டும்.

படி 3: ஓதம்

பெரும்பாலான கரைகளில் கடல்நீர் ஏறி முடிய ஏறக்குறைய 6 மணி 12 நிமிடம், இறங்கி முடிய அதே அளவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம். ஒரே சீராக ஏறாது: ஆறு மணி நேரத்தில் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி நீர் நகர்ந்துவிடும், நீரோட்டமும் அப்போதுதான் கடுமை. மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் பெரிய வித்தியாசம் இருக்காது. மற்ற இடங்களில் ஆற்று முகத்துவாரம், கழிமுகம் பக்கம் நீர் இறங்கும் நேரத்தில் போகாதீர்கள்.

படி 4: உடம்பில் என்ன, படகில் என்ன

லைஃப் ஜாக்கெட்டில் '50 நியூட்டன்' என்று அச்சிட்டிருக்கும். சுமார் 5 கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் மிதப்பு அது. நீந்தத் தெரிந்தவருக்குக் கரையருகே போதும். ஆனால் மயங்கிக் கிடப்பவரின் முகத்தை அது மேலே திருப்பிவிடாது. போட்டு எல்லா வாரையும் இறுக்கியபின், யாரையாவது தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அளவு சரியில்லை.

வெயில் அடித்தால் தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், அட்லாண்டிக் பக்கக் கடல் கோடையில்கூட நடுங்க வைக்கும்; காற்று மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்நீர் மேலே வருவதுதான் காரணம். நீர் 15 டிகிரிக்குக் கீழே என்றால் விழுந்த நொடியில் மூச்சு திணறும், கை கால் சொன்னபடி கேட்காது. அங்கே வெட்சூட் (உடம்போடு ஒட்டி, குளிர் தாங்கும் ரப்பர் உடை) இல்லாமல் இறங்கக்கூடாது.

சன்ஸ்கிரீனை எல்லோரும் முகத்தில் பூசுவார்கள். கயாக்கில் வெந்துபோவது தொடையும் பாதத்தின் மேல்பக்கமும். முழுநேரமும் வானத்தைப் பார்த்துக் கிடப்பவை அவைதானே. கிளம்ப அரை மணிக்கு முன்பே பூசி, உள்ளங்கையை மட்டும் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் துடுப்பு வழுக்கும்.

விசிலை ஜாக்கெட்டில் கட்டுங்கள். போனை நீர்புகாப் பையில் போட்டு உங்கள் உடம்போடு கட்டுங்கள், படகோடு அல்ல. படகும் நீங்களும் பிரிந்தால் போன் யாரிடம் இருக்க வேண்டும் என்று யோசித்தால் புரியும். குடிநீரைப் படகில் கட்டிவையுங்கள். கடைசியாக, கரையில் ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லுங்கள். "கொஞ்ச நேரத்தில்" என்று சொல்லக்கூடாது, மணியைச் சொல்ல வேண்டும்.

படி 5: துடுப்பு

தரையிலேயே பழகலாம். துடுப்பை உச்சந்தலையில் வைத்துப் பிடியுங்கள். இரண்டு முழங்கையும் செங்கோணத்தில் மடங்கினால் கை இடைவெளி சரி. அலகின் (துடுப்பின் அகன்ற முனை) குழிந்த பக்கம் உங்களைப் பார்க்கட்டும். விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்காதீர்கள், என் கொப்புளங்கள் வந்தது அப்படித்தான்.

பாதத்துக்குப் பக்கத்தில் அலகை முழுக்க முக்குங்கள், இடுப்புக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். கையால் இழுக்காமல் இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்பி இழுக்க வேண்டும். இழுக்கும் பக்கத்துக் காலால் பாதத்தாங்கியை அழுத்தினால் இது தானாக வரும். திரும்ப வேண்டுமா? முன்னாலிருந்து பின்னால்வரை பெரிய அரைவட்டம் போடுங்கள். படகு எதிர்ப்பக்கம் திரும்பும்.

இரண்டு பேர் படகில் பலசாலி பின்னால் உட்காரட்டும், திசை அவர் கையில். தாளம் முன்னால் இருப்பவருடையது. பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துப் போட வேண்டும். தம்பதியர் சண்டை பாதி இங்கே தீர்ந்துவிடும்.

படி 6: வேண்டுமென்றே கவிழுங்கள்

இதைத் தவிர்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் நெஞ்சளவு நீரில் மூன்று முறை கவிழ்ந்து ஏறாதவர் கடலுக்குள் போகத் தயாரில்லை என்பது என் கட்சி.

கவிழ்ந்ததும் முதல் வேலை படகைப் பிடிப்பது. காற்றில் வெற்றுப் படகு நீங்கள் நீந்துவதைவிட வேகமாக நகரும். துடுப்பையும் விடாதீர்கள், இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் படகு. அது தலைகீழாகக் கிடந்தால் நடுப்பக்கத்துக்கு வந்து, அடிப்பாகத்தின் மேல் எட்டி எதிர்ப்பக்க விளிம்பையோ கைப்பிடியையோ பிடித்து, உடல் எடையைப் பின்னால் சாய்த்து இழுங்கள். புரண்டுவிடும்.

ஏறுவதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். நீரில் நேராகத் தொங்கிக்கொண்டு கையால் மட்டும் தூக்கப் பார்ப்பார்கள்; படகு மறுபடி கவிழும். இருக்கைக்கு எதிரே நின்று, கால்களை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கிடையாகக் கொண்டுவாருங்கள். பிறகு படகை உங்களுக்கு அடியில் இழுப்பதுபோல நெஞ்சை மேலே ஏற்றுங்கள். வயிறு இருக்கையின் மேல் வந்ததும் மூச்சு வாங்குங்கள். அப்படியே புரண்டு புட்டத்தை இருக்கையில் வையுங்கள். கால்களைக் கடைசியில் உள்ளே எடுங்கள். வயிறு, புட்டம், கால், இந்த வரிசைதான். மூன்றாவது முறை சிரிப்பு வரும். வந்தால் தயார் என்று அர்த்தம்.

படி 7: புறப்பாடு

அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். நாலைந்து பெரிதாக வந்தபின் ஓர் ஓய்வு. சில நிமிடம் நின்று பார்த்து அந்த ஓய்வில் கிளம்புங்கள். படகின் மூக்கு அலைக்கு நேராக இருக்க வேண்டும். அலை வரும்போது பயந்து துடுப்பை நிறுத்தாதீர்கள், அழுத்திப் போடுங்கள். அலை உடையாமல் கருமையாகத் தெரியும் சந்து ஒன்று ஆசை காட்டும். அது பெரும்பாலும் நீரை வெளியே இழுக்கும் ஓட்டம். அங்கே கவிழ்ந்து படகையும் விட்டுவிட்டால் கரையை நோக்கி நேராக நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள். சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி குளிப்பவர்களுக்கு, அங்கே படகு கூடாது. கறுப்பு-வெள்ளைக் கட்டக் கொடி இருந்தால் படகோடு அந்தப் பக்கம் போங்கள்.

படி 8: ஐந்து நிமிடச் சோதனை

ஐந்து நிமிடம் போனதும் நின்று திரும்புங்கள். கரையை நோக்கி ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வந்ததைவிடக் கடினமாக இருந்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. எளிதாக இருந்தால் மேலே போகலாம், ஆனால் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் திரும்பிவிடுங்கள். புதியவர் காற்றில்லாத நீரில் மணிக்கு 4 கி.மீ. போனாலே நன்று.

மோட்டார் படகுகளுக்கு நீங்கள் கண்ணில் படுவீர்கள் என்று நம்பாதீர்கள். உங்கள் தலை நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குள்தான் இருக்கிறது, சின்ன அலையே மறைத்துவிடும். நீங்களே ஒதுங்குங்கள். உதவி தேவைப்பட்டால் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். சர்வதேச ஆபத்துச் சைகைகளில் ஒன்று அது. ஒரு கையை ஆட்டினால் டாட்டா காட்டுகிறீர்கள் என்று நினைத்து அவர்களும் கை காட்டிவிட்டுப் போவார்கள்.

படி 9: கரையேறுதல்

படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பினால் உருட்டிவிடும், நேராக வைத்திருங்கள். பெரிய அலையின் முதுகைத் தொடர்ந்து வந்து, முழங்கால் ஆழத்தில் கடல் பக்கமாக இறங்குங்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் மட்டும் நிற்காதீர்கள். அடுத்த அலை படகைத் தூக்கி உங்கள் முழங்காலில் மோதும்.

படகை மேலே இழுத்துப் போட்டதும் பின்முனை மூடியைத் திறந்து சாய்த்து, உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறதா பாருங்கள். பிறகு, நேரம் சொல்லிவிட்டுப் போனீர்களே ஒருவரிடம், அவரிடம் போய் "வந்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். மறந்து சாப்பிடப் போய்விட்டால் அவர் மீட்புக் குழுவை அழைத்துவிடுவார்.