கொள்ளிடத்தின் மேல் ஒரு லூப்: காப் 10சி விமானத்தில் சாகசப் பயிற்சி

கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பில் உள்ள காப் 10சி, இருவர் அருகருகே அமரும் பிரெஞ்சு சாகசப் பயிற்சி விமானம். விமான வடிவமைப்பாளர் குளோது பியேலின் எமரோட் விமானத்தை அடியொற்றி உருவான காப் 10, 1968-ல் முதன்முதலாகப் பறந்தது. அதன் லைகமிங் எஞ்சின் 180 குதிரைத்திறன் மட்டுமே தருவதால், உயரத்தையும் வேகத்தையும் கணக்காகச் செலவிடத் தெரியாதவருக்கு வானில் செங்குத்தாக முழு வட்டமடிக்கும் ஒரு லூப் கூட ஒழுங்காக அமையாது. தொடக்கப் பயிற்சிக்கு இதையே நான் பரிந்துரைப்பதற்குக் காரணமும் அதுதான்.

பறப்பதற்கு முன், அமைப்புகளில் தானியங்கிச் சுக்கான் (மூக்கை இடவலமாகத் திருப்ப, கால் மிதிகளால் இயக்கப்படும் வால் பகுதி) உதவியை நிறுத்திவிடுங்கள். அது இயங்கும்வரை உங்கள் கால்கள் எதையும் கற்கமாட்டா. பின்தொட்டியில் எரிபொருள் வேண்டாம். எடை பின்னால் சென்றால் ஸ்பின்னிலிருந்து, அதாவது கட்டுப்பாடிழந்து சுழன்று விழுவதிலிருந்து, மீள்வது கடினமாகும். நேரடி வானிலையையும் தொடக்கத்தில் தவிர்க்கலாம், ஏனெனில் ஆடிக்காற்று வீசும் நாட்களில் லூப் முடிவதற்குள் விமானம் தன் பாதையிலிருந்து விலகிவிடும்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து புறப்பட்டு வடகிழக்கே கல்லணைக்குச் செல்லுங்கள். டெல்டாவின் சமவெளியில் திசை காட்ட மலைகள் இல்லை. காவிரியும் வெண்ணாறும் மேலிருந்து பார்க்கையில் வயல்களுக்கிடையே எளிதில் மறைந்துவிடும். கொள்ளிடத்தின் அகன்ற மணற்படுகையோ 1,500 மீட்டர் உயரத்திலிருந்தும் தெளிவாகத் தெரியும். கல்லணைக்குக் கிழக்கே, ஆறு ஓரளவு நேராகச் செல்லும் பகுதியைக் கோடாகக் கொள்ளுங்கள். கிழக்கு நோக்கிப் பறப்பதால், வெயில் கண்ணில் படாதபடி சிமுலேட்டரின் நேரத்தைப் பிற்பகலாக வையுங்கள்.

மூக்கைச் சற்றே தாழ்த்தி மணிக்கு 230 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 124 நாட் வேகம் பெற்றதும், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுமையாகத் திறந்து ஜாய்ஸ்டிக்கைச் சீராக இழுங்கள். உண்மையான விமானத்தில் இருக்கை உடலை அழுத்திச் சொல்வதை இங்கே ஜி மானியை (உடல்மீது புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கு விசை என்று காட்டும் கருவி) பார்த்துத்தான் அறியமுடியும். 4 ஜி-க்கு மேல் வேண்டாம். அடிவானம் மூக்கிற்குக் கீழே மறைந்தவுடன் பார்வையை இடது இறக்கை நுனிக்குத் திருப்புங்கள். அந்நுனி அடிவானத்தின் மீது ஒரே புள்ளியைச் சுற்றிச் சுழன்றால் விமானம் நேராக ஏறுகிறது. முன்னோ பின்னோ நழுவினால் சுக்கான் அளவு சரியில்லை என்று பொருள். வேகம் குறையக் குறைய எஞ்சின் மூக்கை இடப்புறம் இழுக்கும் என்பதால், உச்சியை நெருங்கும்போது வலது மிதியைக் கூடுதலாக அழுத்தவேண்டியிருக்கும். பெரும்பாலோர் தவறுவது இவ்விடத்தில்தான்: கைகள் இழுத்துக்கொண்டே இருக்கக் கால்கள் உறங்கிவிடுகின்றன. உச்சியில் பிடியைத் தளர்த்தி விமானத்தைச் சற்று மிதக்க விடாவிட்டால், வட்டத்தின் மேற்பகுதி நசுங்கிப்போகும்.

தலைகீழான நிலையில் தலையை அண்ணாந்து பின்னோக்கிப் பார்த்தால் மணற்படுகை மீண்டும் பார்வைக்கு வரும். அது குறுக்காகத் தெரிந்தால் உச்சியிலேயே திசை மாறிவிட்டது. இறங்கும்போது எஞ்சின் சுழற்சி சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் த்ராட்டிலைக் குறைத்து, தொடங்கிய உயரத்திலேயே மட்டமாகுங்கள்.

விமானம் தன் நீள அச்சில் ஒரு முறை புரளும் ரோல் இதைவிட எளிது: மூக்கை 20 பாகை உயர்த்தி, இழுப்பதை நிறுத்திய பிறகே ஜாய்ஸ்டிக்கைப் பக்கவாட்டில் முழுமையாகச் சாய்த்துவிடுங்கள். எதிர்பாராமல் ஸ்பின்னில் சிக்கினால் த்ராட்டிலை மூடி, ஜாய்ஸ்டிக்கை நடுவில் வைத்து, சுழற்சிக்கு எதிர்ப்புற மிதியை முழுதாக அழுத்தி, பின்பு ஜாய்ஸ்டிக்கை முன்தள்ளுங்கள். சுழற்சி நின்றவுடன் மிதியை நடுநிலைக்குக் கொண்டுவந்து, மெதுவாக மேலெழுங்கள். உயரமானி 1,000 மீட்டருக்குக் கீழ் காட்டினால் அடுத்த லூப்பைத் தொடங்காமல் மீண்டும் ஏறிச் செல்லுங்கள்.