மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா? முதல்முறை நியூசிலாந்து போகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் மான் வேட்டைக்கு இடமில்லை. ஆனாலும் என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடித்த நம் ஆட்கள் சிலருக்கு நியூசிலாந்து போய் வேட்டையாடும் ஆசை உண்டு. அங்கே மான் மண்ணுக்குச் சொந்தமான விலங்கு அல்ல, 19ஆம் நூற்றாண்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டது. காட்டை மேய்ந்து அழிக்கிறது என்பதால் அரசுக் காடுகளில் அனுமதிச் சீட்டு வாங்கி வேட்டையாடலாம். உரிமம் உள்ள ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டால், உரிமம் இல்லாதவரும் சுடலாம். ஹாமில்டனில் இருக்கும் என் அத்தான் எனக்கு அப்படித்தான் துணைக்கு வந்தார்.

முதலில் பெயர்களைப் புரிந்துகொள்ளுங்கள். தோட்டா என்றால் பித்தளைக் கூடு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு எல்லாம் சேர்ந்தது. பறந்து போவது குண்டு மட்டும். தோட்டாப் பெட்டியில் பெயராக இருக்கும் எண்களுக்கு ஒரே விதி கிடையாது. .30-06-இல் உள்ள 06 என்பது 1906ஆம் ஆண்டு. 7 மி.மீ.-08-இல் உள்ள 08, .308 கூட்டின் கழுத்தைக் குறுக்கிச் செய்தது என்பதற்கான அடையாளம். .270-இன் குண்டு விட்டத்தை அளந்தால் .277 அங்குலம் இருக்கும். ‘140 கிரெயின்’ என்பதை மருந்தின் அளவு என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது குண்டின் எடை. 140 கிரெயின் ஏறத்தாழ 9 கிராம், நம் சிங்கப்பூர் ஒரு வெள்ளி நாணயத்தைவிடச் சற்றே கனம்.

அடுத்து, எந்த மான், எவ்வளவு தூரம்? வடக்குத் தீவின் கைமனாவா காட்டில் சிகா மான் அடர்ந்த புதருக்குள் நிற்கும், பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான் சுடுவோம். செம்மான் கடா 100 கிலோவைத் தாண்டும், திறந்த மலைச்சரிவில் தூரமும் கூடும். .243 வின்செஸ்டர், 7 மி.மீ.-08, 6.5 கிரீட்மோர், .308, .270 ஆகிய எதுவும் இந்த வேலைக்குப் போதும். இதைப் பற்றி மணிக்கணக்கில் வாதம் செய்வார்கள், அதில் நேரத்தைக் கொடுக்காதீர்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம் பின்னுதைப்பு, அதாவது சுடும்போது துப்பாக்கி தோளில் இடிப்பது. பெரிய தோட்டா என்றால் மான் உடனே விழும் என்று நம்பி .300 வின்செஸ்டர் மேக்னம் துப்பாக்கியை இரவல் வாங்கினேன். 100 மீட்டரில் ஐந்து குண்டுகளும் ஐந்து திசையில் போயின. தொலைநோக்கியில்தான் கோளாறு என்று திருகிக்கொண்டே இருந்தேன். அத்தான் ஒன்றும் சொல்லாமல் துப்பாக்கியை வாங்கி, எனக்குத் தெரியாமல் ஒரு வெற்றுப் போலித் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். விசையை இழுத்தேன். ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். ஆனால் குழாயின் முனை நாலு விரல்கடை கீழே குத்தியது, கண்ணும் இறுக மூடியிருந்தது. உதைக்கப் போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பயந்திருக்கிறது.

அப்புறம் 7 மி.மீ.-08-ஐக் கொடுத்தார். பின்னுதைப்பு பாதி அளவுதான். மதியத்துக்குள் குண்டுகள் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. ஆகவே என் தேர்வு 7 மி.மீ.-08, 140 கிரெயின். அது கிடைக்காவிட்டால் .308, 150 கிரெயின். .308 சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும் என்பது பெரிய வசதி. எதை எடுத்தாலும் அந்தப் போலித் தோட்டாச் சோதனையை இன்னொருவரை வைத்துச் செய்து பாருங்கள். முனை அசைந்தால் உதைப்புக் குறைந்த தோட்டாவுக்கு ஒரு படி இறங்குங்கள். குறி தப்பினால் மான் காயத்தோடு புதருக்குள் போய்ச் சாகும், அந்த வேதனைக்கு நாம்தான் பொறுப்பு.

குண்டின் வகையில் கவனம் தேவை. என்எஸ்ஸில் நாம் சுட்டது முழு உலோக உறை போட்டது, விரியாமல் துளைத்துக்கொண்டு போய்விடும். வேட்டைக்கு அது கூடாது. மென்முனைக் குண்டு உள்ளே காளான்போல விரிந்து, இதயத்தையும் நுரையீரலையும் சீக்கிரம் நிறுத்தும். எனக்குப் பிடித்தது நோஸ்லர் பார்ட்டிஷன்: முன்பாதி விரியும், நடுவில் தடுப்பு இருப்பதால் பின்பாதி உடையாமல் ஆழமாகப் போகும்.

வேறு தோட்டாப் பெட்டிக்கு மாறினால் குறியை மறுபடி சரிபார்க்க வேண்டும். 200 மீட்டருக்குச் சரிசெய்த துப்பாக்கியில் குண்டு 300 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் இறங்கும். முதல்முறை போகிறவர்கள் 150 மீட்டரைத் தாண்டிச் சுட வேண்டாம். குழாயில் பொறித்த பெயரும் தோட்டாவின் அடியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். .300 என்று தொடங்கும் தோட்டாக்களே பல உண்டு.

பின்சேர்க்கை: பிள்ளைகளுக்கும் கறி கொடுப்போம், ஈயம் கலக்காதா என்று ஒரு வாசகி கேட்டார். நல்ல கேள்வி. ஈயக் குண்டு உடைந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கறியில் சிதறும். முழுச் செம்புக் குண்டில் அந்தக் கவலை இல்லை. செம்பு ஈயத்தைவிட லேசானது, அதனால் ஒரு படி எடை குறைந்த குண்டாக வாங்குங்கள், 140க்குப் பதில் 120. அடுத்த பயணத்துக்கு நானும் அதற்கு மாறுகிறேன்.

இன்னொருவர், வெற்றுக் கூட்டைச் சாவிக்கொத்துக்கு எடுத்து வரலாமா என்றார். வேண்டவே வேண்டாம். தோட்டாவோ கூடோ எதுவும் சாங்கி விமான நிலையத்துக்கு வரக்கூடாது. வேட்டைக்குப் போட்ட சட்டைப் பை, முதுகுப்பையின் அடி மடிப்பு, காலணிக்குள் என்று எல்லாவற்றையும் அங்கேயே கவிழ்த்து உதறுங்கள். என் மழைச்சட்டையின் உள்பையில் ஒரு கூடு கிடந்தது, அத்தான் வீட்டு வாசலில் உதறும்போதுதான் விழுந்தது.