ஐபோன் புதுப்பிப்பால் சிக்கலா? முந்தைய ஐஓஎஸ் பதிப்புக்குத் திரும்பும் முறை

2014 செப்டம்பர் 24 அன்று ஆப்பிள் நிறுவனம், ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸுக்கு 8.0.1 என்ற சிறிய புதுப்பிப்பை வெளியிட்டது. அதை நிறுவிய ஐபோன் 6, ஐபோன் 6 பிளஸ் கைபேசிகள் பலவற்றில் சிக்னலே கிடைக்காமல் போயிற்று. கைரேகை உணரியும் வேலை செய்யவில்லை. சில மணி நேரத்துக்குள்ளேயே ஆப்பிள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கைபேசியைக் கணினியுடன் இணைத்து ஐஓஎஸ் 8-ஐ மீண்டும் நிறுவிக்கொள்ளும் வழியை அறிவித்தது. பாதிக்கப்பட்டவை 40,000-க்கும் குறைவான கைபேசிகள் என்று நிறுவனம் சொன்னது. அப்படித் திரும்பியவர்களுக்கு ஹெல்த் செயலி வேலை செய்யாது என்பதையும் அந்த அறிவிப்பிலேயே தெரிவித்திருந்தது. திருத்தப்பட்ட 8.0.2 பதிப்பு மறுநாளே வந்தது.

அன்று ஆப்பிள் சொன்ன அதே வழிதான் இன்றைய ஐபோன்களுக்கும் பொருந்துகிறது. அதைத் தொடக்கநிலைப் பயனர்களும் பின்பற்றும் வகையில் இங்கே விளக்குகிறேன். ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான வழிமுறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும் என்பதால் அது இந்தக் கட்டுரையில் இல்லை.

திரும்பத்தான் வேண்டுமா?

புதுப்பித்த முதல் ஓரிரு நாள்களில் கைபேசி சூடாவதும் பேட்டரி விரைவாகத் தீர்வதும் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். புதிய பதிப்பு உங்கள் படங்களையும் கோப்புகளையும் பின்னணியில் மீண்டும் அட்டவணைப்படுத்திக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். வைஃபையோ மொபைல் இணையமோ மட்டும் தகராறு செய்தால், செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குச் சென்று, அங்குள்ள ரீசெட் பட்டியலில் 'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வைஃபை கடவுச்சொற்கள் அழியும். படங்களுக்கும் செய்திகளுக்கும் ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு செயலி மட்டும் திறக்கவில்லை என்றால், அந்தச் செயலிக்குப் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று ஆப் ஸ்டோரில் பாருங்கள். அழைப்பு வராமல் போவது, கைபேசி அடிக்கடி தானாக அணைந்து எழுவது, வேலைக்கு இன்றியமையாத ஒன்று அடியோடு முடங்குவது போன்ற நிலைகளில்தான் முந்தைய பதிப்புக்குத் திரும்புவது நியாயமாகும். ஏனென்றால் இந்த முறை கைபேசியில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டே பழைய பதிப்பை நிறுவும். மேலும், புதிய பதிப்பில் அடைக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் பழைய பதிப்பில் திறந்தே இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது: ஆப்பிளின் கையொப்பம்

இணையத்தில் கிடைக்கும் பல வழிகாட்டிகள் இதைக் கடைசியில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போகின்றன. ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். ஐபோனில் ஐஓஎஸ்ஸை நிறுவும் ஒவ்வொரு முறையும், அந்தக் கைபேசியின் சில்லுக்கே உரிய தனி எண்ணும், நிறுவப்போகும் மென்பொருளின் விவரங்களும், அந்த முறைக்கு மட்டும் உருவாக்கப்படும் ஒரு தற்செயல் எண்ணும் ஆப்பிளின் சர்வருக்குச் செல்கின்றன. அந்தப் பதிப்பை நிறுவ ஆப்பிள் இன்னும் அனுமதிக்கிறது என்றால், சர்வர் டிஜிட்டல் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். அனுமதி இல்லையென்றால் நிறுவல் அங்கேயே நின்றுவிடும். ஓட்டையுள்ள பழைய பதிப்பைத் திருடர்கள் உங்கள் கைபேசியில் புகுத்திவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. அந்தத் தற்செயல் எண் ஒவ்வொரு முறையும் மாறுவதால், ஒரு முறை பெற்ற கையொப்பத்தைச் சேமித்து வைத்துப் பின்னர் பயன்படுத்தவும் முடியாது.

புதிய பதிப்பு வந்தபின் பழைய பதிப்புக்குக் கையொப்பமிடுவதை ஆப்பிள் பொதுவாக ஓரிரு வாரங்களில் நிறுத்திவிடுகிறது. முன்னறிவிப்பு எதுவும் வராது. ஆகவே, திரும்புவது என்று முடிவெடுத்துவிட்டால் வார இறுதி வரை காத்திருக்காதீர்கள்.

எந்தப் பதிப்புக்குக் கையொப்பம் இருக்கிறது என்பதை ஐபிஎஸ்டபிள்யூ டாட் மீ (ipsw.me) என்ற தளத்தில் பார்க்கலாம். அதற்கு முன் உங்கள் மாடலைத் துல்லியமாக அறிந்துகொள்ளுங்கள்: செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று சென்றால் மாடல் பெயர் தெரியும், அதன் கீழுள்ள மாடல் எண்ணைத் தொட்டால் 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணாக அது மாறும். தளத்தில் அதே மாடலைத் தேர்ந்தெடுத்தால், கையொப்பம் உள்ள பதிப்புகள் பச்சை நிறத்திலும் மற்றவை சிவப்பிலும் காட்டப்படும். உங்களுக்கு வேண்டிய பதிப்பு சிவப்பில் இருந்தால் அதை நிறுவ வழியில்லை. பணம் கொடுத்தால் நிறுவித் தருகிறோம் என்று சொல்லும் மென்பொருள்களை நம்ப வேண்டாம். அவையும் இதே சர்வரைத்தான் கேட்டாக வேண்டும். அந்த நிலையில் ஆப்பிளின் அடுத்த திருத்தத்துக்காகக் காத்திருப்பது மட்டுமே வழி.

பச்சையில் இருந்தால் உடனே தரவிறக்கத்தைத் தொடங்குங்கள். கோப்பு பல ஜிபி அளவுடையது; கணினியில் அதைப் போல் இரு மடங்கு இடமாவது காலியாக இருக்கட்டும். அந்தத் தளம் தரும் இணைப்பு ஆப்பிளின் சொந்த சர்வரிலிருந்தே கோப்பை இறக்கும். சில பிரவுசர்கள் இறக்கி முடித்ததும் கோப்பின் பெயர் முடிவை 'ஜிப்' என்று மாற்றிவிடுவதுண்டு. அப்படி மாறியிருந்தால் கோப்பை விரிக்காமல், பெயர் முடிவை மட்டும் 'ஐபிஎஸ்டபிள்யூ' (.ipsw) என்று திருத்துங்கள்.

தரவுகளைக் காப்பாற்றுதல்

புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் மீட்க முடியாது. இந்த ஒரு விதியை அறியாததால் பலர் தங்கள் தரவுகளை இழக்கிறார்கள். நிம்மதிக்காக இன்று ஒரு பேக்கப் எடுத்துக்கொண்டு, கைபேசியை அழித்துப் பழைய பதிப்பை நிறுவியபின், அந்தப் பேக்கப்பை ஏற்கக் கைபேசி மறுக்கும்போதுதான் உண்மை தெரியவருகிறது. உங்களுக்குப் பயன்படக்கூடியது புதுப்பிப்பதற்கு முன்பு எடுத்த பேக்கப் மட்டுமே.

அப்படி ஒன்று கணினியில் இருந்தால், முதலில் அதைக் காப்பாற்றுங்கள். ஒரே கைபேசிக்கு அதே கணினியில் மறுபடி பேக்கப் எடுத்தால் பழையதன் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். மேக் கணினியில் ஃபைண்டரில் ஐபோனைத் திறந்து, 'மேனேஜ் பேக்கப்ஸ்' பட்டியலில் பழைய பேக்கப்பின் மேல் வலது கிளிக் செய்து 'ஆர்க்கைவ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அது பூட்டிவைக்கப்படும். விண்டோஸில் 'மொபைல்சிங்க்' கோப்புறைக்குள் இருக்கும் பேக்கப் கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்துக்கு நகலெடுத்து வையுங்கள். பேக்கப் ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடில் இருந்தால், கைபேசியில் ஐகிளவுட் பேக்கப்பை இப்போதே நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் இரவு சார்ஜில் கிடக்கும்போது புதிய பதிப்பின் பேக்கப் தானாகவே ஏறிவிடும்.

பழைய பேக்கப்பே இல்லாதவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காப்பாற்ற வேண்டியிருக்கும். தொடர்புகள், குறிப்புகள், நாட்காட்டி ஆகியவை ஐகிளவுடுடன் ஒத்திசைந்துகொண்டிருந்தால் எந்தப் பதிப்பிலும் திரும்பி வந்துவிடும். படங்களைக் கணினிக்கு நகலெடுத்து, அங்கே சிலவற்றைத் திறந்தும் பாருங்கள். வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் சாட் பேக்கப் பகுதிக்குச் சென்று புதிதாக ஒரு பேக்கப் எடுத்துக்கொண்டால், அதே எண்ணில் மறுபடி பதிவு செய்யும்போது உரையாடல்கள் மீளும். இரட்டைச் சரிபார்ப்பு எண்களைத் தரும் செயலியை வேறொரு கைபேசிக்கு மாற்றி வையுங்கள். இதை மறந்தால் பல கணக்குகளுக்குள் நுழைய முடியாமல் போகும். இந்தியாவில் யுபிஐ, வங்கிச் செயலிகளைப் பயன்படுத்துவோர் அவற்றை மீண்டும் பதிவு செய்ய வேண்டும். சிம்மிலிருந்து குறுஞ்செய்தி போனால்தான் அது நடக்கும் என்பதால், குறுஞ்செய்தி அனுப்பும் வசதி சிம்மில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் வாட்ச் வைத்திருப்போருக்கு ஒரு எச்சரிக்கை. வாட்சையும் புதிய பெரும் பதிப்புக்கு மாற்றியிருந்தால், அதைப் பயனர் தாமாகப் பின்னோக்கிக் கொண்டுவர முடியாது. பழைய ஐஓஎஸ் உள்ள ஐபோனுடன் அது இணையாமல் போகும்.

நிறுவுதல்

ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு, தொலைந்த கைபேசியைக் கண்டறிய உதவும் 'ஃபைண்ட் மை' வசதியை நிறுத்துங்கள். இந்த வேலையை வீட்டிலேயே செய்வது நல்லது. திருட்டுப் பாதுகாப்பு வசதி இயங்கும் கைபேசி, பழக்கமில்லாத இடத்தில் இருக்கும்போது சில மாற்றங்களுக்கு ஒரு மணி நேரம் காக்க வைக்கும்.

கைபேசியை நல்ல கேபிளால், ஹப் எதுவும் இல்லாமல் நேரடியாகக் கணினியுடன் இணையுங்கள். இந்தக் கணினியை நம்பலாமா என்று கைபேசி கேட்டால் ஒப்புதல் அளித்துப் பூட்டு எண்ணை இடுங்கள். மேக்கில் ஃபைண்டரின் இடப்பக்கப் பட்டியலிலும், விண்டோஸில் ஐட்யூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் செயலியிலும் உங்கள் ஐபோன் தெரியும். அதைத் திறந்தால் 'ரீஸ்டோர் ஐபோன்' என்ற பொத்தான் இருக்கும்.

இங்கே சற்று நிதானியுங்கள். அந்தப் பொத்தானை வெறுமனே அழுத்தினால், கணினி ஆப்பிளிடமிருந்து ஆகப் புதிய பதிப்பைத்தான் இறக்கி நிறுவும். தரவெல்லாம் அழிந்து, சிக்கலான அதே பதிப்பு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். மேக்கில் ஆப்ஷன் விசையையும் விண்டோஸில் ஷிஃப்ட் விசையையும் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே பொத்தானைச் சொடுக்குங்கள். உடனே கோப்பைத் தேர்ந்தெடுக்கும் சிறு சாளரம் திறக்க வேண்டும். அது திறக்காமல் வேறு கேள்வி வந்தால் ரத்து செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். சாளரம் திறந்ததும், இறக்கி வைத்த ஐபிஎஸ்டபிள்யூ கோப்பைக் காட்டுங்கள். எந்தப் பதிப்பை நிறுவப்போகிறது என்பதைக் கணினி எண்ணுடன் சொல்லி உங்கள் ஒப்புதலைக் கேட்கும். எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டு ஒப்புதல் அளியுங்கள்.

'செக் ஃபார் அப்டேட்' பொத்தானை இதே போல் அழுத்தினால் தரவு அழியாமல் திரும்பலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிய பதிப்பு மாற்றி எழுதிய தரவுகளைப் பழைய பதிப்பு சரியாகப் படிக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

கைபேசி முழுதாக எழும்பாமலேயே கிடந்தால், கணினி வழியே மென்பொருளை மீண்டும் நிறுவ உதவும் ரெக்கவரி நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும். ஐபோன் 8-உம் அதற்குப் பிந்தியவையும் என்றால், கேபிளை இணைத்தபின் ஒலியைக் கூட்டும் பொத்தானை ஒரு முறை அழுத்தி விடுங்கள். அடுத்து ஒலியைக் குறைக்கும் பொத்தானை ஒரு முறை அழுத்தி விடுங்கள். பிறகு பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். ஆப்பிள் சின்னம் தோன்றினாலும் விரலை எடுக்கக் கூடாது. கணினியும் கேபிளும் வரைந்த படம் திரையில் வந்தபிறகே விட வேண்டும். ஐபோன் 7-இல் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒருசேரப் பிடிக்க வேண்டும்; அதற்கு முந்தியவற்றில் ஹோம் பொத்தானையும் மேல் அல்லது பக்கப் பொத்தானையும் பிடிக்க வேண்டும். கணினியில் தோன்றும் பெட்டியில் 'ரீஸ்டோர்' பொத்தானை மேற்சொன்ன விசையுடன் சொடுக்கிக் கோப்பைக் காட்டுங்கள்.

கைபேசித் திரையில் ஆப்பிள் சின்னமும் அதன் கீழே மெல்ல நகரும் கோடும் தெரியும்போது கேபிளை அசைக்க வேண்டாம். கோடு நின்றுவிட்டதுபோல் தோன்றினாலும் பொறுத்திருங்கள். 3194 என்ற பிழை எண் வந்தால், கணினியால் கையொப்பச் சர்வரை அடைய முடியவில்லை, அல்லது கையொப்பம் நிறுத்தப்பட்டுவிட்டது என்று பொருள்; தளத்தில் நிறத்தை மறுபடி பாருங்கள். 4013 அல்லது 4014 வந்தால், முதலில் கேபிளையும் கணினியின் யுஎஸ்பி துளையையும் மாற்றிப் பாருங்கள்.

நிறுவியபின்

வரவேற்புத் திரை வந்ததும் ஆப்பிள் கணக்கில் நுழைந்து, பழைய பேக்கப்பைத் தேர்ந்தெடுத்து மீட்டுக்கொள்ளுங்கள். பழைய பேக்கப் இல்லாதவர்கள் கைபேசியைப் புதிது போல் அமைத்துக்கொண்டு, செயலிகளை ஒவ்வொன்றாக நிறுவிக்கொள்ள வேண்டும். நிறுத்திவைத்த ஃபைண்ட் மை வசதியையும் ஐகிளவுட் பேக்கப்பையும் மீண்டும் இயக்க மறக்காதீர்கள்.

அன்றைய தினமே செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட் என்று சென்று தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். நிறுத்தாவிட்டால், நீங்கள் தூங்கும் நேரத்தில் கைபேசி அதே பதிப்பை மறுபடி நிறுவிக்கொள்ளலாம். அதற்குள் பழைய பதிப்பின் கையொப்பமும் நின்றிருந்தால் இரண்டாம் முறை திரும்ப இயலாது. ஐபோன் ஸ்டோரேஜ் பட்டியலில் ஐஓஎஸ் புதுப்பிப்பு ஏற்கெனவே இறங்கியிருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்.

அடுத்த திருத்தப் பதிப்பு வந்ததும் அதன் குறிப்பைப் படித்து, உங்களைப் பாதித்த கோளாறு சரிசெய்யப்பட்டிருந்தால் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாமல் நெடுங்காலம் பழைய பதிப்பிலேயே இருப்பது நல்லதல்ல. அந்தப் புதுப்பிப்புக்கு முன் கணினியில் கடவுச்சொல்லுடன் கூடிய என்கிரிப்டட் பேக்கப் ஒன்றை எடுத்து ஆர்க்கைவ் செய்து வையுங்கள். சேமித்த கடவுச்சொற்களும் ஹெல்த் செயலியின் தரவும் கணினிப் பேக்கப்பில் சேர வேண்டுமானால், அது என்கிரிப்ட் செய்யப்பட்டதாக இருந்தாக வேண்டும்.