ஆவணி ஞாயிறு மாவிளக்கு

புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு ஆவணி ஞாயிறு விசேஷம். கல்யாணமாகி அம்மாப்பேட்டைக்கு வந்த முதல் ஆவணியில், கடையில் வாங்கிய அரிசி மாவிலேயே மாவிளக்குப் போட்டேன். பிசையவே வரவில்லை, உதிர்ந்தது. தண்ணீர் தெளித்துப் பிடித்தேன். திரி ஏற்றிய கொஞ்ச நேரத்தில் வெடிப்பு விட்டு நெய்யெல்லாம் இலையில் ஓடிவிட்டது. அத்தை திட்டவில்லை. "அவ புத்து மண்ணுல இருக்கறவ. அவளுக்கும் தண்ணி ஆகாது, இந்த மாவுக்கும் தண்ணி ஆகாது" என்றார். மூலவர் புற்று மண்ணால் ஆனவள், அதனால் அங்கே அபிஷேகமே கிடையாது. 5 வருஷத்துக்கு ஒருமுறை, 48 நாள் தைலம் பூசும் தைலக்காப்புதான்.

மாவுக்கு வேண்டிய ஈரம் அரிசியிலேயே இருக்க வேண்டும். 2 ஆழாக்கு மாவுப் பச்சரிசியைக் களைந்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். நீரை வடித்து, பழைய வேட்டியில் பரப்பி, வீட்டுக்குள்ளேயே உலர்த்துங்கள். வெயில் வேண்டாம். எத்தனை நிமிஷம் என்று கேட்காதீர்கள், அது அன்றைய காற்றைப் பொறுத்தது. ஒரு பிடி அள்ளி அழுத்திவிட்டுக் கையை விரித்தால் அரிசி உதிர வேண்டும், உள்ளங்கை மட்டும் லேசாக நனைந்திருக்க வேண்டும். அதுதான் பதம். உடனே மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலியுங்கள். ஜார் சூடானால் ஈரம் போய்விடும்.

வெல்லம் ஒன்றரை ஆழாக்கு, பொடித்தது. எனக்கு வீரமாங்குடி அச்சு வெல்லம்தான் பிடிக்கும். ஆனால் வீட்டிலேயே கலந்துவிடாதீர்கள். வெல்லம் நீர் விடும்; பஸ் கூட்டத்தில் நசுங்கி மாரியம்மன் கோவிலில் இறங்கும்போது மாவு களியாகியிருக்கும். மாவு ஒரு சம்படம், வெல்லமும் ஏலக்காயும் இன்னொரு சம்படம்.

கோவிலில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு இரண்டையும் சேர்த்து, ஒரு கரண்டி நெய் விட்டு அழுத்திப் பிசையுங்கள். இரண்டு உருண்டை பிடித்து வாழையிலையில் வைத்து, கட்டை விரலால் குழி செய்யுங்கள். குழி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பது நல்லது. பஞ்சுத்திரியை நெய்யில் முக்கி நட்டு, குழி நிறைய நெய் விட்டு ஏற்றுங்கள். பூ, குங்குமம், உடைத்த தேங்காய் பக்கத்தில். காற்று அடிக்கிற பக்கம் யாராவது ஆள் உட்காரட்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை அவருக்கு.

வயிற்று வலிக்கு வேண்டிக்கொண்டவர்கள் படுத்துக்கொண்டு வயிற்றின் மேல் இலை போட்டு ஏற்றுவார்கள். இலைக்கு அடியில் ஈரத்துணி மடித்து வையுங்கள், நெய் சுடும்.

ஊதி அணைக்கக் கூடாது, தானாக மலையேறட்டும். அப்புறம் கருகிய திரியை எடுத்துவிட்டு மாவை உடைத்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கொடுங்கள். குழி ஓரத்தில் நெய் ஊறிச் சிவந்திருக்கும் மாவை மட்டும் முதலிலேயே ஒதுக்கிவிடுவேன். என் சின்ன மகள் அதற்குத்தான் கோவிலுக்கே வருகிறாள்.