சிகாகோ நகரக் கொடி தைக்கும் முறை

வெள்ளைத் துணி, இரண்டு வெளிர்நீலப் பட்டை, நான்கு சிவப்பு நட்சத்திரம். பார்க்கச் சுலபம்தான். தப்பு நட்சத்திரத்தில் நடக்கிறது: இரண்டு முக்கோணங்களைத் தலைகீழாக அடுக்கி வரைந்தால் முனைக்கோணம் 60 பாகை ஆகிவிடும், அது தாவீதின் நட்சத்திரம். சிகாகோ நட்சத்திரத்தின் முனை 30 பாகைதான். வாலஸ் ரைஸ் 1917-இல் இதை வடிவமைத்தபோது, ஐந்து முனை நட்சத்திரம் தனியரசுகளைக் குறிப்பது என்று ஒதுக்கி ஆறு முனையை எடுத்தார்.

60 × 90 செ.மீ. கொடிக்கு 98 செ.மீ. நீளத்தில் நீலம் 2, வெள்ளை 2, எல்லாம் 12 செ.மீ. அகலம், நடுவுக்கு 24 செ.மீ. அகலத்தில் ஒரு வெள்ளை. இணைப்புக்கு 1 செ.மீ., மேல் கீழ் ஓர மடிப்புக்கு 2 செ.மீ., கம்பப் பக்க உறைக்கு 6 செ.மீ., எதிர்ப்பக்க மடிப்புக்கு 2 செ.மீ. இதிலேயே அடக்கம். சிவப்புத் துணியை வெட்டுமுன் தனியாக அலசிவிடுங்கள். சாயம் இறங்கினால் வெள்ளை ரோஸாகிவிடும்.

பட்டைகளை இணைக்குமுன் நடுத்துணியில் நட்சத்திரங்களை முடித்துவிடுவது நல்லது, அப்புறம் துணி கைக்கு அடங்காது. அகலத்தின் நடுக்கோட்டில், கம்பப் பக்க வெட்டு ஓரத்திலிருந்து 24, 42, 60, 78 செ.மீ.-இல் மையப்புள்ளி வையுங்கள். காகிதத்தில் 8 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, காம்பஸை விரிக்காமல் அதே ஆரத்தால் உச்சியிலிருந்து ஆறு புள்ளி குறியுங்கள். உள்ளே 2.9 செ.மீ. ஆரத்தில் இன்னொரு வட்டம். அதில் ஆறு புள்ளிகள், வெளிப்புள்ளிகளுக்குச் சரியாக இடையில். மாறி மாறிச் சேர்த்தால் கூர்முனை தானே வரும்.

நட்சத்திரத்தை முன்பே கத்தரித்தால் முனை பிசிர் பிசிராகிவிடும். சதுரச் சிவப்புத் துணியை வைத்து, பின்னால் காகிதம் கொடுத்து, கோட்டின்மேல் நெருக்கமான ஜிக்ஜாக் ஓட்டுங்கள். முனை நெருங்கும்போது தையல் அகலத்தைக் குறையுங்கள். பிறகு வெளித்துணியை நறுக்குங்கள். பின்பக்கமும் சிவப்பு தெரிய வேண்டுமானால், காகிதத்தைக் கிழித்துவிட்டுத் தையலுக்குள் இருக்கும் வெள்ளையை வெட்டி எடுங்கள்.

மேலிருந்து வெள்ளை, நீலம், நடுத்துணி, நீலம், வெள்ளை என்ற வரிசையில் இணைத்து, இணைப்பு ஓரங்களை நீலத்தின் பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வெள்ளைப் பக்கம் சாய்ந்தால் நீலம் நிழலாகத் தெரியும்.

நாடகத்துக்குத் தைப்பதானால் காலத்தைப் பாருங்கள். 1917-இல் இரண்டே நட்சத்திரம்: 1871 தீவிபத்து, 1893 உலகக் கண்காட்சி. 1933-இல் அந்த ஆண்டுக் கண்காட்சிக்கு மூன்றாவதும், 1939-இல் சிகாகோ இருக்கும் இடத்தில் முன்பு நின்ற டியர்பார்ன் கோட்டைக்கு நான்காவதும் சேர்ந்தன. கடைசியாக வந்தாலும் கோட்டை நட்சத்திரத்துக்குக் கம்பத்தை ஒட்டிய முதல் இடம்.

ஒரே கயிற்றில் ஏற்றினால் அமெரிக்கக் கொடி உச்சியில், இது அதன் கீழே.