டொச் மொழியைத் தனியாகப் படிப்பவர்கள் பாதியில் விடாமல் இருக்க: 200 கட்டமும் ஒரு கொப்பியும்

எனக்கு வீடு களுவாஞ்சிகுடியில், வேலை கல்முனையில். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் ஜேர்மன் மொழியை, நம்மவர்கள் சொல்கிறபடி டொச்சை, இரண்டு தடவை படிக்கத் தொடங்கி இரண்டு தடவையும் விட்டேன். முதலில் ஒரு ரியூசன் வகுப்பு. அங்கே எல்லா விளக்கமும் ஆங்கிலத்தில்தான். அடுத்த தடவை போனில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு தனியாக. இரண்டு தடவையும் ஐந்தாறு கிழமைக்குள், அதுவும் ஒரே இடத்தில்தான் நின்றுபோனேன். மூன்றாவது தடவை ஏ1 என்கிற ஆரம்ப மட்டப் பரீட்சை வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். அப்போது செய்ததை, இன்றைக்குத் தொடங்கப் போகிற ஒரு தம்பிக்கோ தங்கச்சிக்கோ சொல்வது போல, வரிசையாக எழுதுகிறேன்.

ஜேர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவது வாசிக்க லேசாக இருக்கட்டும் என்பதற்காகத்தான். உங்கள் கொப்பியில் ஜேர்மன் எழுத்திலேயே எழுதிப் பழகுங்கள்.

படி 1: எந்த மட்டம் என்று முடிவு செய்யுங்கள்

மொழித் திறனுக்கு ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று கீழிருந்து மேலாக ஆறு மட்டங்கள். ஜேர்மனியில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போகிறவர்களிடம் பொதுவாக ஏ1 சான்றிதழ் கேட்பார்கள். தொழிற்பயிற்சிக்குப் பெரும்பாலும் பி1 வேண்டும், தாதி வேலைக்கு பி2. உங்கள் இலக்கு பி2 என்றாலும் கொப்பியின் முதல் பக்கத்தில் இப்போது ஏ1 என்று மட்டும் எழுதுங்கள். கொழும்பில், ஜேர்மன் மொழி படிப்பிக்கும் கோத்தே நிறுவனம் நடத்தும் ஏ1 பரீட்சைக்கு மொத்தம் 100 புள்ளி, 60 எடுத்தால் சித்தி. கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 65 நிமிடம். பேச்சுப் பரீட்சை குழுவாக 15 நிமிடம் அளவில் நடக்கும்.

படி 2: 200 கட்டம் கீறுங்கள்

ஏ1-க்கு 45 நிமிடப் பாடவேளைகள் 80 முதல் 200 வரை தேவைப்படும் என்பது கோத்தே நிறுவனத்தின் கணக்கு. ஆசிரியர் இல்லாமல் படிக்கிற நாம் 200 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வெள்ளைத் தாளில் 20 வரிசை, வரிசைக்கு 10 கட்டம். ஒரு கட்டம் என்றால் 45 நிமிடம். முடித்ததும் கட்டத்துக்குள் அதன் இலக்கத்தை எழுதுங்கள், திகதி வேண்டாம். திகதி போட்டால் விடுபட்ட நாட்கள்தான் கண்ணில் குத்தும். இலக்கம் கூடிக்கொண்டே போகும், ஒருநாளும் குறையாது. என் தாளைக் குசினிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தேன். தேத்தண்ணி போடப் போகும்போதெல்லாம் கண்ணில் படும்.

படி 3: முதல் கிழமை உங்கள் பெயரும் போன் நம்பரும் போதும்

வாழ்த்துச் சொற்களை விட இதில் தொடங்குவது நல்லது. ஏ1 பேச்சுப் பரீட்சையில் பெயரையோ ஊரையோ எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்வார்கள், நம்பரும் கேட்பார்கள். நம்முடைய பெயர்கள் நீளம், ஆகவே பயிற்சியும் தாராளமாகக் கிடைக்கும். ஆங்கிலத்து 'வி' எழுத்து டொச்சில் 'ஃபௌ', 'டபிள்யூ' எழுத்துத்தான் 'வே'. வினோதன் என்கிற ஒருவர் தன் பெயரை 'வே' என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் வேறு எழுத்தைத்தான் எழுதுவார். 'ஜே' அங்கே 'யொட்', 'வை' அங்கே 'உப்சிலோன்'. தமிழில் இல்லாத ஓர் ஒலிக்கு, அதாவது மேலே இரண்டு புள்ளி வைத்த 'யு'வுக்கு, ஒரு வழி சொல்கிறேன்: 'ஈ' என்று இழுத்துக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள். அதுதான் அந்த ஒலி.

ஏழாம் நாள் உங்கள் பெயரையும் நம்பரையும் சொல்லி போனில் பதிவு செய்து வையுங்கள். அதை அழிக்க வேண்டாம்.

படி 4: நாளைக்குப் பத்துச் சொல், அதுவும் வீட்டுக்குள் இருந்து

ஏ1-க்கான சொற்பட்டியலில் ஏறக்குறைய 650 சொற்கள் உண்டு. நாளைக்குப் பத்தென்றால் 65 நாள். அன்கி என்கிற செயலியை அன்ட்ரொயிட் போனில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், இணையம் இல்லாவிட்டாலும் ஓடும். மறக்கப் போகிற சொல்லை அதுவே திரும்பக் கொண்டுவந்து காட்டும்.

டொச்சில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் டேர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (இரண்டும் இல்லாத பால்) என்ற மூன்றில் ஒன்று வரும். நான் குசினி லாச்சியைத் திறந்து படித்தேன். கரண்டி 'டேர் லொஃபெல்', முள்ளுக்கரண்டி 'டீ காபெல்', கத்தி 'டாஸ் மெஸ்ஸர்'. ஒரே லாச்சிக்குள் மூன்று பால்! இதில் காரணம் தேடினால் கிடைக்காது, சொல்லோடு சேர்த்துத்தான் பாடமாக்க வேண்டும். டேருக்கு நீலப் பேனை, டீக்குச் சிவப்பு, டாஸுக்குப் பச்சை என்று எழுதினேன். கதிரை நீலம், கதவு சிவப்பு, யன்னல் பச்சை. கொஞ்ச நாளில் சொல்லை நினைத்தாலே நிறமும் கூட வந்தது.

படி 5: 25-ஆம் கட்டத்துக்கும் 40-ஆம் கட்டத்துக்கும் இடையில்

நான் இரண்டு தடவையும் விட்ட இடம் இதுதான். படிப்பு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது 'டேர் ஃபிஷ்' திடீரென்று 'டென் ஃபிஷ்' ஆகும். மீனுக்கு ஏன் இரண்டு பெயர் என்று குழம்பி, ஆங்கில விளக்கத்தைத் தேடுவீர்கள். ஆங்கிலத்தில் மீன் எங்கே நின்றாலும் மாறாது. அதனால் அந்த விளக்கம் நமக்கு உதவாது.

மூன்றாவது தடவை என் கண்ணைத் திறந்தது ஜேர்மனியில் இருக்கும் சின்னம்மாதான். வட்ஸ்அப்பில் 'எனக்கு வெக்கையா இருக்கு' என்பதை ஆங்கிலத்திலிருந்து மாற்றி 'இஷ் பின் ஹைஸ்' என்று அனுப்பினேன். உடனே குரல் செய்தி வந்தது: "அப்படிச் சொல்லாத புள்ள, அது வேற கருத்து. நீ தமிழில என்ன சொல்லுவாய்? எனக்கு எண்டுதானே? அப்ப டொச்சிலயும் எனக்குத்தான். மிர் இஸ்ட் ஹைஸ்."

மிர் என்றால் எனக்கு. அன்றைக்கு இரவு கொப்பியில் புதுப் பக்கம் எடுத்தேன், ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழுக்கும் டொச்சுக்கும் நேராகக் கோடு போட்டேன்.

டேர், டென் ஆவது நம் இரண்டாம் வேற்றுமை. மீன், மீனை. நமக்குச் சொல்லின் கடைசியில் 'ஐ' ஏறுகிறது, அவர்களுக்குச் சொல்லின் முன்னால் நிற்பது மாறுகிறது, அவ்வளவுதான். அதுவும் ஒருமையில் டேர் மட்டுமே மாறும். டீயும் டாஸும் அப்படியே நிற்கும். 'அக்குசாட்டிவ்' என்று புத்தகத்தில் வருவது இதுதான். 'டாட்டிவ்' என்று வருவது பெரும்பாலும் நம் நான்காம் வேற்றுமை, 'கு'. நான் அம்மாவுக்கு மீனைக் கொடுக்கிறேன்: 'இஷ் கேபெ டேர் முட்டர் டென் ஃபிஷ்.' வினை இரண்டாம் இடத்துக்கு வந்ததைத் தவிர வரிசை அப்படியே நம்முடையது. அம்மாவின் 'டீ' இங்கே 'டேர்' ஆகியிருக்கிறது, அந்த மாற்றம்தான் நம் 'கு'.

'வைல்' என்ற சொல்லைப் பாருங்கள். 'வைல் இஷ் மூடெ பின்.' வைல் ஏனென்றால், இஷ் நான், மூடெ களைப்பாக, பின் இருக்கிறேன். சொல்லுக்குச் சொல் தமிழ்! வினை கடைசிக்குப் போவது ஆங்கிலம் பேசுகிறவருக்குப் பெரிய தலையிடி, நாம் பிறந்ததிலிருந்து அப்படித்தான் பேசுகிறோம். நேற்று மீன் சாப்பிட்டேன் என்பதிலும் 'இஷ் ஹாபெ கெஸ்டர்ன் ஃபிஷ் கெகெஸ்ஸென்' என்று சாப்பிட்டது கடைசியில்தான் வரும். நீ, நீங்கள் வித்தியாசமும் 'டு', 'ஸீ' என்று இருக்கிறது. புது ஆளிடம் 'ஸீ' சொல்ல வேண்டும் என்று நமக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆகவே இந்தப் பதினைந்து கட்டத்திலும் புதுப் பாடம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் வீட்டில் பேசிய ஐந்து வசனத்தை எழுதி, வேற்றுமை உருபின் கீழே கோடிட்டு, பக்கத்தில் டொச்சில் எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாவிட்டால் நான் மூன்றாம் தடவையும் விட்டிருப்பேன்.

படி 6: பஸ்ஸில் காதுக்கு வேலை

டொய்ச்ச வெல்ல என்கிற ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனம் ஏ1 முதல் பி1 வரை காணொளிப் பாடங்களை இலவசமாகத் தருகிறது. காலையில் வீட்டில் ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டு, அதே பாடத்தைப் பஸ்ஸில் திரையைப் பார்க்காமல் கேட்பேன். கோட்டைக்கல்லாறு வருவதற்குள் ஒரு தடவை முடிந்துவிடும். மருதமுனை தாண்டும்போது இரண்டாம் தடவை. புதிதாகக் கேட்பதை விட, விளங்கியதைத் திரும்பக் கேட்பதில்தான் மனம் உற்சாகமாகிறது.

படி 7: கிழமைக்கு ஒரு நிமிடம், ஒரு மனிதரோடு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஜேர்மனியிலோ சுவிஸிலோ சொந்தம் இருக்கிற வீடுகள் பல. ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிடக் குரல் செய்தி அனுப்புங்கள். ஒரு பிழையை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் திருத்தினால் அடுத்த கிழமை வாய் வராது. ஐம்பதாவது கட்டம் முடிந்த அன்று, முதல் கிழமைப் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

படி 8: விடுபட்டால்

விடுபடும், அதில் சந்தேகம் வேண்டாம். காய்ச்சல், கலியாண வீடு, மாரியில் வெள்ளம். களைத்த நாளுக்கு அன்கியில் ஐந்து நிமிடம் போதும். அதற்குக் கட்டத்தின் மூலையில் ஒரு புள்ளி வையுங்கள். பல நாள் விடுபட்டால் முதலாம் பாடத்துக்குத் திரும்பவே வேண்டாம். ஏற்கெனவே தெரிந்ததையே படித்து அலுத்து, திரும்பவும் விட்டுவிடுவீர்கள். இரண்டு பாடம் மட்டும் பின்னால் போங்கள்.

ஒரு மாரியில் எங்கள் ஒழுங்கைக்குள் தண்ணீர் ஏறி, ஏழு நாள் கொப்பியைத் தொடவில்லை. எட்டாம் நாள் விடிய, கரண்ட் இன்னும் வராத குசினியில் மெழுகுதிரி ஏற்றி, இரண்டு பாடம் பின்னால் புரட்டி 45 நிமிடம் இருந்தேன். பிறகு எழும்பிப் போய்க் கதவில் இருந்த தாளில் 112 என்று எழுதினேன்.